ஸ்ரூடியோவில நாலு பேரும் ஒண்டா வாசிச்சு அல்பம் எடுக்கலாமோ?

கோண்டாவில்_கிற்றார்:
நாங்கள் நாலு பெடியள், ரொக்தான் வாசிக்கிறம். போன மாசம் ட்ரம்ஸ் தனிய, பேஸ் தனிய, பிறகு கிற்றார் எண்டு ஒவ்வொண்டா, காதுக்குள்ள டிக் டிக் எண்டு தாளம் காட்டுற க்ளிக்குக்கு வாசிச்சு ரெண்டு பாட்டு எடுத்தம், பிழை ஒண்டும் இல்லை ஆனா கேட்டா செத்தவீடு மாதிரிக் கிடக்கு, ப்ராக்டிஸில போன்ல எடுத்தது இதைவிடத் திறம். மிச்சத்தை எல்லாரும் ஒண்டா நிண்டு லைவா எடுப்பம் எண்டா ஸ்ரூடியோக்காரர் சிரிக்கிறார். ஒரே அறை, எட்டு இன்புட்தான் இருக்கு.

பழைய_கசெற்:
சிரிக்க என்ன கிடக்கு? பீட்டில்ஸின்ர முதல் அல்பத்தில 14 பாட்டில 10 பாட்டு ஒரே நாளில எடுத்தது, 1963 பெப்ரவரி 11, லண்டன் அபே ரோட், ரெண்டு ட்ராக் மெஷின். லெனனுக்கு அண்டைக்குத் தடிமன், அதால தொண்டை கிழியிற பாட்டைக் கடைசிக்கு வைச்சவை, அதின்ர முதல் டேக்தான் இப்பவும் நாங்கள் கேக்கிறது. இணுவில் தவில்காரரைத் தனி அறைக்குள்ள பூட்டிப்போட்டு நாதஸ்வரத்தைப் பிறகு ஒட்டுவம் எண்டா விடுவினமே? மூஞ்சையைப் பாத்துத்தானே தீர்மானம் (முடிக்கிற தாளக்கட்டு) வைக்கிறவை.

மிக்ஸர்_அண்ணை:
தம்பி ஏலும், ஆனா அவர் சிரிக்கிறதிலயும் ஞாயம் இருக்கு. ஒரே அறை எண்டா ட்ரம்ஸ் எல்லா மைக்குக்குள்ளயும் ஏறும், ஒருத்தன் பிழைச்சா அவன்ர ட்ராக்கை மட்டும் வெட்டித் திருத்தேலாது, பக்கத்து மைக்கிலயும் அந்தப் பிழை கிடக்கும், நாலு பேரும் திரும்ப வாசிக்கோணும். அதால பாட்டு தண்ணிபட்ட பாடா இருந்தாத்தான் போங்கோ.

எட்டு இன்புட் தாராளம். ட்ரம்ஸுக்கு கிக், ஸ்னெயர், மேல ரெண்டு மைக், அது நாலு. பேஸை டிஐ பொக்ஸில (மைக் இல்லாம வயரால நேர மிக்ஸருக்குக் குடுக்கிற பெட்டி) நேர குடுங்கோ, அம்ப் வேண்டாம், இல்லாட்டி ஒவ்வொரு பேஸ் நோட்டுக்கும் ஸ்னெயருக்குக் கீழ இருக்கிற கம்பி கிர்ர்ர் எண்டு அதிரும். ரெண்டு கிற்றார் அம்பையும் விறாந்தையில வைச்சு மெத்தையால மறைச்சு, மைக்கின்ர முதுகு ட்ரம்ஸ் பக்கம் பாக்கிற மாதிரி வையுங்கோ. கடைசி இன்புட் பாடுறவருக்கு, அது வழி காட்டத்தான், நல்ல குரலைப் பிறகு தனிய எடுக்கலாம்.

திருவிழா நாளில மட்டும் புக் பண்ணாதேங்கோ. நான் எடுத்த ஒரு பாட்டில சோலோவுக்குப் பின்னால கோயில் மணி கேக்குது, கழட்ட வழியில்லை, இப்ப ஆக்கள் வேணுமெண்டு போட்டதெண்டு நினைக்கினம்.

கோண்டாவில்_கிற்றார்:
நன்றி அண்ணை. க்ளிக் இல்லாட்டி எங்கட ட்ரம்மர் கோரஸில வேகம் கூடி ஓடுவான், அதுக்கு?

மிக்ஸர்_அண்ணை:
நீங்களும் சேந்து ஓடுங்கோ. போன்ல எடுத்ததிலயும் ஓடித்தான் இருப்பான், ஒருக்காப் போட்டுப் பாருங்கோ.

கோண்டாவில்_கிற்றார்:
ஓமண்ணை, ஓடியிருக்கிறான் 😂 மெத்தைக்குத்தான் இனி அம்மாவிட்டைக் கேக்கோணும்.