‘ஆஸ்ட்ரசைஸ்’ (ஒருவரை ஒதுக்கிவைப்பது) என்ற ஆங்கிலச் சொல்லை ஸ்பானிஷில் எப்படிச் சொன்னீர்கள்? அனுபவம் பகிருங்கள்

கானாடுகாத்தானிலிருந்து:
ஸ்பெயின் பயணிகளுக்கு இங்கே வீடுகளைச் சுற்றிக் காட்டுகிறேன். சமீபத்தில் ஒரு வீட்டு வளவில் வைத்து, அந்த வீட்டு ஆச்சி தன் பெரியப்பச்சி (பெரியப்பா) கதையைச் சொன்னார். பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர், அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக் கூட்டிவந்துவிட்டார். என் கையிலிருந்த ஆங்கிலக் குறிப்பில் அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ‘ஆஸ்ட்ரசைஸ்’ என்ற ஒரே வினைச்சொல்லில் முடிந்துவிட்டது.

அகராதியில் ‘கோந்தெனார் அல் ஒஸ்திராசிஸ்மோ’ இருக்கிறது. ஆனால் கோந்தெனார் என்றால் தண்டனை விதிப்பது. ‘ஒஸ்திராசிஸ்மோ’ பிறந்த பண்டைய ஏதென்ஸில் அப்படித்தான் நடந்தது: பானை ஓட்டில் பெயரைக் கீறி வாக்களிப்பார்கள், பத்தாண்டு ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். சொத்து அவருடையதே, கெடு முடிந்தால் திரும்பலாம். இங்கே கெடு ஏது?

ஆச்சியிடமே கேட்டேன், “கூட்டம் போட்டு முடிவு பண்ணுனாகளா ஆச்சி?”

“அதெல்லாம் எதுக்குத் தம்பி. புள்ளி வரி வாங்கலை. மகன் கல்யாணத்துக்குக் கோயில் மாலை வரலை. நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் சொல்லிவிடலை. வாயைத் தொறந்து யாரும் எதுவும் சொல்லலை.” (புள்ளி வரி என்பது திருமணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாக வைத்து நகரத்தார் கோயிலுக்கு வாங்கும் வரி. கோயில் மாலை வந்தால்தான் அந்தக் கல்யாணத்தைச் சமூகம் ஏற்றதாகப் பொருள்.)

‘லெஸ் இசியேரோன் எல் பாசீயோ’ என்றேன். சுற்றிலும் வெறுமையை உண்டாக்கிவிட்டார்கள் என்று பொருள். வகுப்பில் ஒரு பிள்ளையை மற்றவர்கள் சேர்த்துக்கொள்ளாமல் விடுவதற்கும் ஸ்பெயினில் இதைத்தான் சொல்வார்கள். குழுவிலிருந்த வயதான அம்மா ஒருவர் ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, தோற்ற பக்கத்தைச் சேர்ந்த அவர் தாயார் ரொட்டிக் கடைக்குள் நுழைந்தாலே பேச்சு நின்றுவிடுமாம். அதையும் ஆச்சிக்குத் தமிழில் சொன்னேன்.

தேவகோட்டையிலிருந்து:
நீங்கள் சொன்ன இடத்துக்கு அது சரி. எனக்கு வந்தது ஒரு மனித உரிமை அறிக்கை. ஒரு கிராமத்தில் ஊர்க்கூட்டம் கூடி, ஒரு தெருக்காரர்களுக்கு மளிகை கொடுக்கக் கூடாது, வயலில் வேலை கொடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டிருந்தார்கள். அங்கே ‘பாசீயோ’ போதவே போதாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் சமூகப் புறக்கணிப்பைத் தனிக் குற்றமாகவே சொல்கிறது. அதனால் ஆவணம் முழுக்க ‘பொய்கோத் சோசியால்’ என்றே வைத்தேன்.

அதிலும் ஒரு நெருடல். 1880இல் அயர்லாந்தின் மேயோவில் குத்தகை விவசாயிகள் நிலவுடைமையாளரின் பிரதிநிதியான பாய்காட் என்பவரை ஒதுக்கினார்கள். அவர் பெயரிலிருந்துதான் ‘பொய்கோத்’ வந்தது. இளைத்தவர் வலுத்தவரை ஒதுக்கிய கதை அது. இங்கே தலைகீழ். ஆங்கில மூலமோ யார் செய்தார்கள் என்றே சொல்லாமல் ‘ஒதுக்கப்பட்டனர்’ என்று நிறுத்திவிடுகிறது. அறிக்கையின் பிற்பகுதியில் இருந்த விவரத்தை வைத்து, ஸ்பானிஷில் ஊர்க்கூட்டத்தையே எழுவாயாக்கினேன். திருத்துநர் அதை ‘மார்ஹினார்’ என்று மாற்றிக் கேட்டார், ஓரங்கட்டுவது என்ற பொருளில். நான் சம்மதிக்கவில்லை. குழாயடியில் குடத்தைத் தட்டிவிட்டது அறிக்கையிலேயே இருக்கிறது. அதை எடுத்துக் காட்டினேன், விட்டுவிட்டார்.