பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்ற வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். கோயில் கொடை விழாக்களில் எங்கள் தாத்தா பாடிய வில்லுப்பாட்டை 1980களில் பதிவுசெய்த கேசட்டுகள் வீட்டில் இருக்கின்றன. பெரும்பாலும் 90 நிமிட நாடாக்கள். வேறு எங்கும் பிரதி இல்லாததால் வெளியே கொடுக்க மனம் வரவில்லை. வீட்டிலேயே மாற்றப் பார்க்கிறேன்.

கேசட் ஓட்டும் டெக்கின் லைன் அவுட்டை (ஒலி வெளிவரும் துளையை) மடிக்கணினியின் மைக் துளையில் செருகினால் ஒலி மோனோவாகிவிடுகிறது. உடுக்கையும் குடமும் சேர்ந்து ஓங்கும் இடங்களில் கரகரவென்று உடைகிறது. ஸ்டீரியோ லைன் இன் உள்ள யுஎஸ்பி ஒலிக்கருவிதான் தீர்வு என்று தெரிகிறது. அதிக விலை இல்லாமல் நன்றாக உழைப்பது எது? ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாகச் சேமித்தால் போதுமா?

இவற்றைவிடப் பெரிய கவலை ஒரு கேசட்டைப் பற்றியது. தாத்தா கதையை முடித்து வாழி பாடுவது அதில் மட்டும்தான் இருக்கிறது. நாடாவை டெக்கில் ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னஞ்சிறு பஞ்சுத் துண்டு உதிர்ந்துவிட்டதால் குரல் மங்கி மங்கி வருகிறது. கூட்டில் திருகாணியும் இல்லை, ஒட்டிய கூடு. நாடா கசங்காமல் அதைப் பிளந்து, சுருளை வேறு கூட்டுக்கு மாற்றிய அனுபவம் உள்ளவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து, எதைக் கொண்டு திறந்தீர்கள் என்று தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள். நீங்கள் சொல்லும்வரை அதைத் தொடப்போவதில்லை.