புதுப்பிப்பு: ராஜமுந்திரி பாட்டி வீட்டு அடிபம்பில் தண்ணீர் வந்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: நானும் என் ஜோடி மிஷனரியும் (சபை ஊழியத்தில் கூடவே வரும் துணை) ஊழியம் செய்யும் தெருவில் ஒரு பாட்டியின் அடிபம்பு எவ்வளவு அடித்தாலும் காற்றைத்தான் கக்குகிறது, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் மேலே தண்ணீர் ஊற்றி அடித்துப் பார்த்தோம். நாலு அடிக்கு வந்தது, அப்புறம் பழையபடி காற்று. உள்ளே தண்டோடு மேலும் கீழும் போகும் தோல் வாஷரைப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் சரி. கழற்றினால், அது அப்பளம் மாதிரி காய்ந்து ஓரத்தில் வெடித்திருந்தது. கடையில் எனக்குத் தெலுங்கு வரவில்லை. "தோலு வாஷர்" என்றேன், உடனே எடுத்துக் கொடுத்தார். தோலுக்குத் தெலுங்கிலும் அதே சொல்தானாம்! ஒரு ராத்திரி எண்ணெயில் ஊறவைத்தோம்.

மறுநாள் மாட்டியும் வரவில்லை. கிண்ணம் போன்ற அந்த வாஷரைத் தலைகீழாக மாட்டியிருந்தேன். குழிந்த பக்கம் மேலே பார்க்க வேண்டும். அப்போதுதான் தண்ணீரின் கனம் ஓரத்தைக் குழாயோடு அழுத்திப் பிடிக்கும். அடியில் உள்ள வால்விலும் மணல் சிக்கியிருந்தது. இரண்டையும் சரிசெய்து, மேலே ஒரு வாளி ஊற்றி அடித்ததும் கலங்கலாக வந்து தெளிந்தது.

இதற்குள் என் ஜோடி சேற்றில் விழுந்து வெள்ளைச் சட்டை போனது, என் சைக்கிள் இரண்டு முறை பஞ்சர். பாட்டி காபி நீட்டினார். எங்கள் சபை வழக்கப்படி நாங்கள் குடிப்பதில்லை என்றதும் ஆவக்காய்ச் சோறும் மோரும் வந்தன.

இன்றோடு ஐந்து நாள். பம்பு ஓடுகிறது.