பாப்பா லூயி கேம்ல வர்ற கஸ்டமருங்க: உங்க அனுபவத்த சொல்லுங்க

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சது. ஃப்ளிப்லைன் ஸ்டூடியோஸோட பாப்பா லூயி கேம் ஆடுனவங்க இங்க நெறைய பேர் இருப்பீங்க, கடைக்கு வர்றவங்ககிட்ட ஆர்டர் எடுத்து செஞ்சு குடுக்கற கம்ப்யூட்டர் கேம், பீட்சேரியா, பர்கேரியா, ஃப்ரீசேரியான்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துட்டே இருக்குமே அதுதான். எனக்கு அந்த கேம்னாலே சமையல் ஞாபகம் வர்றதில்ல, கவுன்டர் முன்னாடி வந்து நிக்கிற ஆளுங்கதான் ஞாபகம் வர்றாங்க. ஊர் மாறும், கடை மாறும், ஆனா வர்ற ஜனம் அதே ஜனம். 2007ல வந்த பீட்சேரியால பாத்த வாலி தாத்தா, 2011ல ஃப்ரீசேரியா வந்தப்போ கலிப்ஸோ தீவுக்கும் வந்து நிக்கிறாரு. மொத தடவ பாத்தப்போ தெரியாத ஊர்ல பஸ்ஸ விட்டு எறங்கி நம்ம தெரு ஆள பாத்த மாதிரி இருந்துச்சு.

நான் ஆடுனது எல்லாம் எங்க ஊரு பிரவுசிங் சென்டர்ல. 2013, ஒன்பதாவது படிக்கிறேன், அப்பதான் கப்கேக்கேரியா வந்துருந்துச்சு. அந்த கேம்ல 3 பேர்தான் சேவ் பண்ணி வச்சுக்க முடியும், அதுவும் அந்த கம்ப்யூட்டர்லயே இருக்கும், வேற கம்ப்யூட்டர்ல போய் உக்காந்தா உங்க கடையே கெடையாது. அதனால மூணாவது சீட் காலியாகுற வரைக்கும் வாசல்லயே நிப்பேன். இதுல ஒவ்வொரு கஸ்டமருக்கும் ஸ்டார் உண்டு, நாம நல்லா செஞ்சு குடுக்க குடுக்க வெண்கலம், வெள்ளி, தங்கம்னு ஏறும். அந்த ஸ்டார பாத்தா அந்த ஆளுக்கும் நமக்கும் எத்தன நாள் பழக்கம்னு தெரிஞ்சிரும்.

எனக்கு ஜோஜோன்னா உசுரே போயிடும். சாப்பாட்ட ருசி பாத்து எழுதுற விமர்சகர், ஞாயித்துக்கெழம கடைசி கஸ்டமரா வருவாரு. ஒவ்வொரு நாளும் கடைசியா வர்றவங்கள குளோசர்னு சொல்வாங்க, மத்தவங்கள விட நுணுக்கமா பாத்து மார்க் போடுவாங்க, அதுல ஜோஜோ ஒரு படி மேல. ஒரு ஞாயிறு, அவரோட ரெண்டு கப்கேக்கயும் ஓவன்ல வச்சுட்டு டைமர் முள்ளயே பாத்துட்டு இருக்கேன், கரெக்டா எடுத்துட்டேன், க்ரீமும் வச்சாச்சு, இனி ஸ்ப்ரிங்கிள்ஸ் மட்டும்தான். மவுச அப்படியும் இப்படியும் ஆட்டுனாதான் அது சீரா விழும், அந்த சென்டர் மவுஸ்ல பந்து சிக்கி எல்லாம் ஒரே பக்கமா போய் கொட்டிருச்சு. துடைக்கவும் முடியாது. அப்படியே குடுத்தேன். அவரு அத பாக்குற அந்த ரெண்டு செகண்ட் எனக்கு பரீட்ச பேப்பர் வாங்குற மாதிரி இருந்துச்சு. மேல அலங்காரம் பண்றதுக்கான பில்டிங் மார்க் மட்டும் கொறஞ்சுது, அவரு தர்ற ப்ளூ ரிப்பன் பரிசு கெடைக்கல. அடுத்த ஞாயிறு வாங்குனேன், அது வேற கத.

ஆனா எழுத வந்தது இதுக்கில்ல. முழுப் பரீட்ச லீவு முடிஞ்சு போனா மூணாவது சீட்ல என் கட இல்ல, யாரோ அழிச்சுட்டு அவங்க பேர போட்டு ஆடிருக்காங்க. வேற ஒரு கம்ப்யூட்டர்ல மொதல்லேந்து ஆரம்பிச்சேன். அதே ஆளுங்க திரும்ப வர்றாங்க, எனக்கு எல்லாரையும் தெரியுது, அவங்க யாருக்கும் என்ன தெரியல, ஒருத்தருக்கும் ஒரு ஸ்டார் கூட இல்ல. அன்னைக்கு நெஜமாவே தொண்ட அடச்சிருச்சு. உங்களுக்கு அப்படி யாராவது இருக்காங்களா?

பதில் 1

நீங்க சொன்ன அந்த தெரு ஆள் விஷயம் ரொம்ப உண்ம. எனக்கு புடிச்சது என்னன்னா, இந்தப் பக்கம் நின்னவங்க அந்தப் பக்கம் போறது. ரீட்டாவும் மார்ட்டியும் பீட்சேரியால கஸ்டமரு, பர்கேரியால அவங்கதான் கல்லுல பர்கர் திருப்புறாங்க, அப்புறம் அடுத்த கேம்ல மறுபடி கஸ்டமரா வந்து நிப்பாங்க. சீசேரியால ரூடியும் ஸ்கார்லெட்டும் பாட்டு பேண்ட் வச்சிருக்கறவங்க, அவங்க சாமான் எல்லாம் திருட்டு போயிடும், திரும்ப வாங்க காசு வேணும்னுதான் கடையில வேலைக்கு சேருவாங்க. அத ஆடி முடிச்சப்புறம் வேற கேம்ல ஸ்கார்லெட் ஆர்டர் குடுக்க வந்தா நான் அவசரப்படவே மாட்டேன், கையில அடுப்பு சூடு பட்டவ அவ, அவளுக்கு வேலையோட கஷ்டம் தெரியும்னு ஒரு நெனப்பு. எங்கப்பா டிஃபன் கடையில தோச மாஸ்டர், அவரு வெளில எங்க சாப்ட்டாலும் மாஸ்டர் பக்கம் திரும்பி ஒரு தலையாட்டு ஆட்டிட்டுதான் எந்திரிப்பாரு. அதான் எனக்கு இது அவ்ளோ புடிச்சுது போல.

இன்னொண்ணு, ஆடுறவங்களே வரஞ்சு அனுப்புன கஸ்டமர ஓட்டு போட்டு தேர்ந்தெடுத்து கேம்ல சேப்பாங்க, கஸ்டமர்பலூசான்னு பேரு. யாரோ ஒரு பொண்ணோ பையனோ வீட்ல உக்காந்து வரஞ்ச ஆளு நம்ம கவுன்டர்ல வந்து நிக்கிறத நெனச்சா எவ்ளோ நல்லா இருக்கு.

பதில் 2

நானும் என் அக்காவும் ஒரே மவுச மாத்தி மாத்தி புடிச்சு ஃப்ரீசேரியா ஆடுவோம், அது ஐஸ்க்ரீம கலக்கி குடுக்கற கட, நான் ஆர்டர் எடுத்து கப்புல எல்லாம் போட்டு தருவேன், அவ மிக்சரு. மிக்சர்ல முள்ளு ஒரு கோடு தாண்டிட்டா போச்சு, கெட்டியா கேட்டவங்களுக்கு கூழா போயிடும். அதுல ஆளுக்கு ஒரே ஆர்டர்தான், அதனால கொஞ்ச நாள்ல ஆர்டர் எழுதுன டிக்கெட்டயே பாக்க மாட்டோம், கதவு தொறந்து முகம் தெரிஞ்சதுமே அவ "எனக்கு தெரியும் எனக்கு தெரியும்"னு கத்துவா. பேர் பாதிப் பேருக்கு தெரியாது, நாங்களா வச்ச பேருதான், மிண்டிய நாங்க நீலமுடி அக்கான்னுதான் சொல்வோம்.

பிரவுசர்ல இந்த கேம் எல்லாம் ஓட தேவைப்பட்ட ஃப்ளாஷ் 2020 கடைசியோட நின்னுச்சுல்ல, அப்போ அவ கல்யாணமாகி வேற ஊரு போயிருந்தா. பிரவுசர்ல தொறந்தா ஒண்ணும் வரலன்னு ராத்திரி போன் பண்ணா. 2023ல கம்ப்யூட்டர் கேம் விக்கிற ஸ்டீம் தளத்துல ஃப்ரீசேரியா டீலக்ஸ் வந்துச்சு, நான் வாங்குனேன், படம் எல்லாம் புதுசா பளிச்சுன்னு இருக்கு. வீடியோ கால்ல அவளுக்கு காமிச்சுட்டே ஆடுனேன். கதவு தொறந்துச்சு, நான் வாய தொறக்கறதுக்குள்ள அவ அந்தப் பக்கத்துலேந்து "டேய், வாலி தாத்தாடா"ன்னா.