போக முடியாத இடத்துக் கல்வெட்டும் சுருளும்: படி எடுத்தவர்கள் பட்ட பாடு

ஏமன் கல்வெட்டு என்றால் ஜோசப் ஹலேவியில்தான் தொடங்கணும். 1869-70ல் பிரெஞ்சுக் கல்வெட்டு அகாதெமி அனுப்பிய யூத அறிஞர். வெள்ளைக்காரன் என்று தெரிந்தால் புதையலுக்கு வந்தவன் என்று சந்தேகப்படுவார்கள். அதனால் ஜெருசலேமுக்குக் காணிக்கை வசூலிக்கும் ஏழை ரப்பி (யூத மதகுரு) வேடம். அடைக்கலத்தில் இருக்கும் யூதரைத் தொடுவது, அடைக்கலம் கொடுத்த குலத்துக்கே இழுக்கு. துப்பாக்கியைவிட அது நல்ல காவல். 686 கல்வெட்டுகளோடு திரும்பினார். பலவற்றைப் பிரதி எடுத்தது தானே என்று வழிகாட்டியான, சனா நகரத்துச் செம்புக்கொல்லர் ஹயீம் ஹப்ஷூஷ் பின்னால் எழுதி வைத்தார். ஹலேவி அவருக்கு உரிய இடம் தரவில்லை, அநியாயம்.

கைப்பிரதியில் சிக்கல் உண்டு. இந்தக் கல்வெட்டுகளின் தென்னரேபிய எழுத்தில் ஒரு 'ஹ' கவட்டை மாதிரி. நடுவில் ஒரு கோடு சேர்ந்தால் அது வேறு 'ஹ'. தேய்ந்த கல்லில் அந்தக் கோடு கண்ணுக்குத் தப்பினால் சொல்லே மாறிவிடும்.

---

அதற்கு மருந்து ஈரத்தாள் படி. 1882 முதல் ஏமனுக்கு நான்கு முறை போன எடுவார்ட் கிளேசர் (இவரும் யூதர், இன்றைய செக் நாட்டுப் பொஹீமியாக்காரர்) அதைத்தான் நம்பினார். கல்லைத் தேய்த்துக் கழுவி, பசை ஏற்றாத தடித்தாளை நனைத்து ஒட்டி, கெட்டி முடி பிரஷால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அடிக்கணும். காற்றுக்குமிழி நின்றால் அந்த இடத்தில் எழுத்து பதியாது. முழுக்கக் காயும்முன் உரித்தால் கிழியும், இல்லை பள்ளம் தளர்ந்துவிடும். நம்மூர் மைப்படிபோல் மை ஒற்றுவதில்லை, தாளில் விழும் மேடுபள்ளமே பதிவு. சாயம் மிச்சமிருக்கும் கல்லில் இதைச் செய்யவே கூடாது.

1888ல் முஸ்லிம் அறிஞர் வேடத்தில், பழைய சபா அரசின் தலைநகரான மாரிப் போனார். போக முடியாத இடங்களுக்கு, உள்ளூர்க்காரர்களுக்கே படி எடுக்கக் கற்றுக்கொடுத்து அனுப்பினார். கெட்டிக்காரத்தனம் அதுதான்.

---

சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுவடிகளான சாக்கடல் சுருள்களையும் சேர்க்கணும், அவையும் பலருக்கு எட்டாமல்தான் இருந்தன. கிழக்கு ஜெருசலேம் ஜோர்டான் வசம் இருந்தபோது, 1953-54ல் அமைந்த நான்காம் குகைச் சுருள் பதிப்புக் குழுவில் ஒரு யூதர்கூட இல்லை. 1967க்குப் பிறகும் குழு உடனே மாறவில்லை. 1990ல்தான் இஸ்ரேலிய யூத அறிஞர் இம்மானுவேல் தோவ் தலைமைப் பதிப்பாசிரியரானார்.

குழுவுக்கு வெளியே நின்ற அமெரிக்க அறிஞர்கள் பென் சியோன் வாக்கோல்டரும் மார்ட்டின் அபெக்கும் 1991ல் வேறு வழி பார்த்தார்கள். குழு தயாரித்த சொல்லடைவில் ஒவ்வொரு சொல்லோடும் பக்கத்துச் சொற்களும் வரி எண்ணும் இருந்தன. கணினியில் அவற்றைக் கோத்தால் வரி திரும்பக் கிடைக்கும். ஆனால் குழு தப்பாகப் படித்திருந்தால் அதுவும் அப்படியே வரும். அதனால் அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் ஹண்டிங்டன் நூலகம் எல்லாருக்கும் திறந்துவிட்ட சுருள் புகைப்படங்களோடு ஒவ்வொரு வரியையும் ஒத்துப்பார்த்தே எடுக்கணும்.