ஜெகன்மோகினி அடுப்பில் வைத்தது ஒற்றைக் காலா, இரண்டு காலுமா?

மண்டபம் வாடைக்காற்று:
கார்பன் குச்சி அண்ணன் நேற்றுப் போட்ட பழைய படத் துணுக்குகளைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. விட்டலாச்சார்யாவின் ‘ஜெகன்மோகினி’ (1978) பற்றி அவர் எழுதியது இது: “பேயாக வரும் ஜெயமாலினி விறகுக்குப் பதிலாகத் தன் இரண்டு காலையும் அடுப்புக்குள் நீட்டிச் சமைப்பார்.”

இரண்டு காலையுமாம்! அது ஒற்றைக் கால். வலது கால். ராமநாதபுரம் ஜில்லாவே வாய் பிளந்து பார்த்த காட்சியை ஒருவர் இஷ்டத்துக்கு மாற்றி எழுதினால் எப்படிச் சும்மா இருப்பது? மற்றதில் எனக்குத் தகராறு இல்லை. ‘வஞ்சிக்கோட்டை வாலிப’னில் (1958) பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடும்போது “சபாஷ், சரியான போட்டி” என்றது பி.எஸ். வீரப்பா. சரி. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956). அதுவும் சரி. கால் மட்டும் தப்பு.

கார்பன் குச்சி:
தம்பி, அந்தப் படத்தை நீ எங்கே பார்த்தாய், டிவியிலா? நான் தொண்டிப் பக்கம் டூரிங் கொட்டகையில் ஆபரேட்டருக்குக் கையாளாக இருந்தவன். நீங்கள் எல்லாரும் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து திரையைப் பார்த்தீர்கள். நான் பிலிமையே கையில் பிடித்துப் பார்த்தேன். அறுந்தால் பிளேடால் சுரண்டி, சிமென்ட் என்கிற பிலிம் பசையைத் தடவி ஒட்டுவது என் வேலை. நொடிக்கு 24 கட்டம், ஒன்றரை அடி பிலிம். அடுப்புக் காட்சியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு கால். இரண்டிலும் கொலுசு. வேறென்ன சாட்சி வேண்டும்?

பாம்பன் தூக்குப்பாலம்:
ஒற்றைக் கால்தான் அண்ணே. ராமேஸ்வரம் தீவில் ஓடியபோது நாங்கள் பார்த்தது ஒற்றைக் கால்.

கார்பன் குச்சி:
தீவுக்காரர் பேசுகிறார், கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு ரோட்டுப்பாலம் திறந்ததே 1988-இல். அதுவரை படப்பெட்டி ரயிலில்தான் வரவேண்டும். மதுரையில் ஓடி, பரமக்குடியில் ஓடி, ராமநாதபுரத்தில் ஓடி, எங்கள் கொட்டகையிலும் அறுந்து ஒட்டி, கடைசியில்தான் பெட்டி பாம்பனைத் தாண்டும். அதற்குள் எத்தனை அடி போயிருக்கும்! உங்களுக்கு வந்து சேர்ந்தது மிச்சக் கால்.

பாம்பன் தூக்குப்பாலம்:
பிலிமை வெட்டினால் காட்சி குறையும். கால் எப்படிக் குறையும்?

கார்பன் குச்சி:
முதலில் ஒரு காலை வைப்பார், கொஞ்ச நேரம் கழித்து அடுத்த காலை வைப்பார். அடுத்த கால் வைக்கிற இடம் அறுந்திருக்கும். இதைக்கூட நான் சொல்லித் தரவேண்டுமா?

தங்கச்சிமடம் மல்லி:
இங்கே பேசுகிற ஆண்கள் ஒருவரும் விறகடுப்பில் சமைத்ததில்லை என்று நன்றாகத் தெரிகிறது. அடுப்புக்கு வாய் ஒன்று. நம் ஊர் சீமைக்கருவேல விறகில் நாலைச் சேர்த்துத் திணித்தாலே காற்று ஓடாமல் புகை மூட்டிக் கண் எரியும். இரண்டு காலையும் உள்ளே தள்ளினால் தீ எங்கே பிடிக்கும்? அது மட்டுமா, இரண்டு காலையும் நீட்டிவிட்டால் உடம்பு பின்னால் போய்விடும், பானையை எட்டிக் கிண்ட முடியாது. ஒரு காலைக் குத்தவைத்து ஒன்றை நீட்டினால்தான் கை எட்டும். உட்கார்ந்து பாருங்கள், புரியும்.

கார்பன் குச்சி:
தங்கச்சி, அது பேய். பேய்க்குக் கை எட்டாதா?

தங்கச்சிமடம் மல்லி:
கை அவ்வளவு தூரம் எட்டும் என்றால் காட்டிலிருந்து விறகையே இழுத்திருக்கலாமே அண்ணே. காலை ஏன் எரிக்க வேண்டும்?

தேவிபட்டினம் நவபாஷாணம்:
முதலில் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். இதை எல்லாரும் பி கிரேடு படம் என்கிறோம். எதை வைத்து? செலவு குறைவு என்றா, பி சென்டரில், அதாவது சின்ன ஊர்த் தியேட்டர்களில் ஓடியது என்றா, பெரிய நடிகர் இல்லை என்றா? அதைச் சொல்லிவிட்டுக் காலுக்குப் போவோமே.

மண்டபம் வாடைக்காற்று:
ஒற்றைக் கால்.

கார்பன் குச்சி:
இரண்டு.

பரமக்குடியான்:
ஒரு பேயின் காலுக்கு இத்தனை பதிவா? வெட்கமாக இருக்கிறது. இந்த மாவட்டம் நாட்டுக்கே கமலைக் கொடுத்தது. 1954 நவம்பர் 7, பரமக்குடி. ஆறு வயதுகூட முடியாமல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் (1960) நடித்தார். 1987-இல் ‘பேசும் பட’த்தில் ஒரு வசனம்கூட இல்லாமல் முழுப் படத்தையும் கொண்டுபோனார். பேசுவது என்றால் அதைப் பேசுங்கள்.

கார்பன் குச்சி:
வாருங்கள் பரமக்குடியாரே. உப்புக்காற்று படாத ஊரிலிருந்து கடற்கரைக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டீர்கள். கமல் உங்கள் ஊர்தான், பட்டா உங்கள் பெயரில்தான், யாரும் பிடுங்க வரவில்லை. ஆனால் ஒன்று. ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழத்தைத் தெரியாத ஒருவரைத் தமிழ்நாட்டில் காட்டுங்கள் பார்ப்போம். அந்தச் செந்தில் முதுகுளத்தூர்ப் பக்கம் இளஞ்செம்பூர். அவருக்கு யாராவது விழா எடுத்தீர்களா?

கீழக்கரை ஓடாவி:
காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்), ராஜ்கிரணை விட்டுவிட்டீர்களே. எங்கள் ஊர்க்காரர். ‘என் ராசாவின் மனசிலே’யில் (1991) எலும்பைக் கடித்த கடியில் ஊரில் கறிக்கடையில் நல்லி எலும்புக்குத் தனிக் கிராக்கி. கசாப்புக் கடைக்காரர் இன்றுவரை அவர் பெயரைச் சொல்லித்தான் எடை போடுகிறார்.

தேவிபட்டினம் நவபாஷாணம்:
ஆட்களைக் கணக்கெடுப்பது என்றால் இராம. நாராயணனை எப்படி மறப்பது? காரைக்குடி, நம் பழைய ஜில்லா. ஒன்பது மொழிகளில் நூற்றுக்கும் மேல் படம் எடுத்தவர். யானை, குரங்கு, பாம்பு எல்லாவற்றுக்கும் கால்ஷீட் வாங்கிய ஒரே ஆள். 1990-இல் மட்டும் ‘ஆடி வெள்ளி’, ‘துர்கா’ இரண்டும். அவரையும் பி கிரேடு என்பீர்களா? இந்தக் கேள்வியை நான் முன்பே கேட்டேன்.

பரமக்குடியான்:
காரைக்குடி சிவகங்கை மாவட்டம். புவியியல் தெரியாமல் பெருமை பேச வேண்டாம்.

கார்பன் குச்சி:
மாவட்டத்தைப் பிரித்தது 1985-இல். இராம. நாராயணன் ஏவிஎம்முக்குச் ‘சிவப்பு மல்லி’ எடுத்தது 1981-இல். அப்போது காரைக்குடி எந்த ஜில்லா? எங்களோடது. ஏவி. மெய்யப்பரும் காரைக்குடிதான். யுத்த காலத்தில் ஸ்டூடியோவை அங்கேயே போட்டு ‘நாம் இருவர்’ (1947) எடுத்தார். அதுவும் ராமநாதபுரம் ஜில்லா மண். எல்லைக் கோடு கிழித்தால் படமும் சேர்ந்து போய்விடுமா?

பரமக்குடியாருக்கு ஜில்லா என்றால் எப்போதுமே அலர்ஜி. போன பொங்கலுக்குக் கட்டபொம்மன் விஷயத்திலும் இப்படித்தான் வந்து மூக்கை நுழைத்தார், நான் மறக்கவில்லை.

பரமக்குடியான்:
நானும் மறக்கவில்லை. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) படத்து ஜாக்சன் காட்சிக்கும் ராமநாதபுரத்துக்கும் சம்பந்தம் இருக்கிற மாதிரி நீங்கள் எழுதியதற்குச் சிரித்தேன். அதற்குத்தானே இத்தனை கோபம்?

கார்பன் குச்சி:
சம்பந்தம் இல்லையா! 1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை ஊர் ஊராக அலையவிட்டுக் கடைசியில் சந்தித்தது நம் அரண்மனை ராமலிங்க விலாசத்தில். அங்கேதான் தகராறு, அங்கேதான் கைகலப்பு, வெள்ளைக்கார அதிகாரி கிளார்க் செத்ததும் அங்கேதான். அந்தச் சண்டையைத்தான் சிவாஜியும் சி.ஆர். பார்த்திபனும் திரையில் பேசித் தீர்த்தார்கள். ஊரே மனப்பாடம் செய்த வசனம் பிறந்த இடம் ராமநாதபுரம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

பரமக்குடியான்:
ராமலிங்க விலாசத்தில் சுவர் முழுக்கச் சேதுபதி காலத்து ஓவியம் இருக்கிறது. அந்தக் காட்சியில் ஒரு ஓவியமாவது தெரிகிறதா? அதை மட்டும் சொல்லுங்கள்.

கார்பன் குச்சி:
சிவாஜி கர்ஜிக்கும்போது நீர் சுவரையா பார்த்தீர்?

பாம்பன் தூக்குப்பாலம்:
பெரிய நடிகர்கள் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அந்தப் புயலில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் ராமேஸ்வரத்தில் சிக்கிக்கொண்டார்கள். எங்கள் தீவில் அதைச் சொல்லாத பெரிசுகள் கிடையாது. சாவித்திரியை நேரில் பார்த்தேன் என்பவர்களையெல்லாம் கூட்டினால் அன்றைய ராமேஸ்வரத்து ஜனத்தொகையைத் தாண்டும்.

கார்பன் குச்சி:
ஒற்றைக் கால் பார்த்தவர்களும் அந்தக் கூட்டம்தான்.

தங்கச்சிமடம் மல்லி:
சாவித்திரி என்றதும் ‘மாயாபஜார்’ (1957) ஞாபகம் வந்துவிட்டது. ரங்காராவ் கல்யாணச் சமையலைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருப்பார், லட்டு தானாகப் பறந்து வாய்க்குள் போகும். அதைப் பார்த்தால் காவியம், கிளாசிக், மார்கஸ் பார்ட்லியின் கேமரா என்று எழுதுகிறார்கள். காவியம்தான், நான் மறுக்கவில்லை. இங்கே ஒருத்தி காலை அடுப்புக்குள் வைத்தால் மட்டும் பி கிரேடா? அதுவும் தந்திரக் காட்சி, இதுவும் தந்திரக் காட்சி. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் கேமராவை நிறுத்தி நிறுத்தி எடுத்தவர் விட்டலாச்சார்யா. ஆந்திராவில் அவரை ‘ஜானபத பிரம்மா’, அதாவது நாட்டுப்புறக் கதைப் படங்களின் பிரம்மா என்றே கூப்பிட்டார்கள். சமையலறையில் நடந்தால் மட்டமாகத் தெரிகிறதோ என்னவோ. மற்றபடி அது ஒற்றைக் கால்தான்.

தேவிபட்டினம் நவபாஷாணம்:
இதைத்தான் நானும் கேட்டேன், எதை வைத்துப் பி கிரேடு என்று…

கீழக்கரை ஓடாவி:
2009-இல் நமீதா நடித்து ஒரு ஜெகன்மோகினி வந்ததே, அதில் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாமா?

கார்பன் குச்சி:
அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

மண்டபம் வாடைக்காற்று:
அந்தப் படம் வேண்டாம் ஓடாவி. இந்த ஒரு விஷயத்தில் அண்ணனும் நானும் ஒரே கட்சி.

அண்ணே, ஒரு சந்தேகம். புரொஜெக்டரின் கார்பன் விளக்கு எரியும்போது இரண்டு கார்பன் குச்சிக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போகும், திருகித் திருகிச் சரிசெய்யாவிட்டால் திரை மங்கிவிடும் என்று நீங்கள்தான் முன்பு எழுதினீர்கள். திருகிக்கொண்டே இருந்த ஆள் காலை எப்போது எண்ணினீர்கள்?

கார்பன் குச்சி:
எங்கள் கொட்டகையில் ஒரே புரொஜெக்டர். ரோல் தீர்ந்தால் விளக்கைப் போட்டு அடுத்த ரோலை மாட்ட வேண்டும். 1000 அடி ரோல் 11 நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த இடைவெளியில் முறுக்கு விற்கிற பையன் ஒரு சுற்று வந்துவிடுவான், நான் அடுத்த ரோலின் முனையை உருவிப் பார்த்துக்கொள்வேன். பார்ப்பது என் கடமை. அறுந்து வெட்டிய துண்டுகளைப் பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தேன். பியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி, முகக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, வீட்டுச் சுவரில் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் படம் காட்டினேன். அதில் ஜெயமாலினி துண்டும் இருந்தது. சுவரில் தலைகீழாக விழுந்தாலும் இரண்டு கால் இரண்டு கால்தான்.

பாம்பன் தூக்குப்பாலம்:
அந்தத் துண்டைப் போட்டோ எடுத்துப் போடுங்களேன். சோலி முடிந்தது.

கார்பன் குச்சி:
டின் துருப்பிடித்துப் பிலிமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டது. கடற்கரையில் எது நிலைக்கிறது? பாம்பன்காரருக்குத் தெரியாததா?

மண்டபம் வாடைக்காற்று:
ஆக, சாட்சி இல்லை.

கார்பன் குச்சி:
சாட்சி நானே. ஒரு கிலோ நண்டு பந்தயம்.

தங்கச்சிமடம் மல்லி:
வாடைக்காற்று அண்ணன் பக்கம் நின்று நானும் பேசிக்கொண்டிருக்கிறேன், ஆனால் ஆரம்பத்தில் எழுதியதை இப்போதுதான் கவனித்தேன். வலது கால் என்று யார் சொன்னது? அது இடது கால். சமைக்கிறவர் வலது கையால் கிண்ட வேண்டும் என்றால் வலது காலைக் குத்தவைத்து இடதைத்தான் நீட்டுவார்.

மண்டபம் வாடைக்காற்று:
என்னம்மா, நடுவில் கட்சி மாறுகிறாய்? வலது.

தங்கச்சிமடம் மல்லி:
நான் மாறவில்லை. ஒற்றைக் கால், இடது.

கார்பன் குச்சி:
எல்லாரும் பாருங்கள். மண்டபத்துக்காரர் வலது காலைப் பார்த்திருக்கிறார், தங்கச்சிமடத்துக்காரர் இடது காலைப் பார்த்திருக்கிறார். கூட்டினால் எத்தனை? நண்டை எப்போது அனுப்புகிறீர்கள்?

மண்டபம் வாடைக்காற்று:
அண்ணே, வலது ஒன்றுதான். அவர்கள் சொல்வது கணக்கில் வராது.

தங்கச்சிமடம் மல்லி:
ஏன் வராது? அடுப்பங்கரையை நீங்கள் எட்டிப் பார்த்ததே சாப்பாட்டு நேரத்தில்தான், நான் சொல்வது கணக்கில் வராதா?

பரமக்குடியான்:
ஓவியம் தெரிகிறதா இல்லையா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கார்பன் குச்சி:
வரிசையில் நில்லும். முதலில் நண்டு.