வலியே இல்லாமல் காது ஒழுகினால் டிபியையும் பாருங்கள்: எங்கள் அனுபவம்

என் அக்காவுக்கு இடது காதில் சீழ் வடிந்துகொண்டே இருந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, அதனால் யாரும் பயப்படவில்லை. சொட்டு மருந்து விட்டால் குறையும், நிறுத்தினால் மறுபடி ஒழுகும். இதற்குள் அந்தக் காது மளமளவென்று மந்தமாகிவிட்டது. பிறகு வாயும் ஒரு பக்கம் கோணி, கண்ணை மூட முடியாமல் போனது. முகநரம்பு பாதித்துவிட்டது என்றார்கள்.

புதிதாகப் பார்த்த காது மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். செவிப்பறையில் ஒன்றுக்கு மேல் ஓட்டைகள், உள்ளே வெளிறிய சதை வளர்ச்சி. "டிபியாக இருக்கலாம்" என்றதும் தூக்கிவாரிப்போட்டது. இருமலே இல்லாதவளுக்கு டிபியா? ரத்தம் வழியாகவும், தொண்டையையும் காதையும் இணைக்கும் குழாய் வழியாகவும் கிருமி காதுக்குப் போகலாம், நெஞ்சு எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் காதில் டிபி இருக்கலாம் என்று பொறுமையாக விளக்கினார்.

சீழைச் சோதித்ததில் கிருமி தெரியவில்லை. காது டிபியில் இது சகஜமாம். அவர் அதோடு விடாமல் சதையைக் கொஞ்சம் எடுத்து பயாப்சி, ஜீன்எக்ஸ்பர்ட் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை), கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) மூன்றுக்கும் அனுப்பினார். அதில்தான் பிடிபட்டது. ரிஃபாம்பிசின் என்ற முக்கிய டிபி மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி என்பதும் தெரிந்தது. கல்ச்சர் முடிவு வரப் பல வாரம் ஆகும் என்பதால் காத்திருக்காமல் மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள். முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் குறைவான மருந்துகள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொன்னது பெரிய உதவி. சீழ் நின்றது, முகமும் நேராகிவிட்டது. கேட்கும் திறன் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை, அதுதான் இன்றும் மனதை அறுக்கிறது.

*

அக்கா நலமானதில் மகிழ்ச்சி, சகோதரி. நான் காது மூக்கு தொண்டைப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒன்றைச் சேர்க்கிறேன்: சிப்ரோ வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகள் டிபி கிருமியையும் ஓரளவு அடக்கும். காது கொஞ்சம் தேறியதுபோல் காட்டி, நோயைக் கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும்.

*

எனக்கு முதலில் மாஸ்டாய்டு (காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு) ஆபரேஷன் செய்தார்கள். புண் ஆறவே இல்லை. பிறகுதான் டிபி என்று தெரிந்து, மாத்திரையில் ஆறியது. ஆபரேஷனுக்குப் போகிறவர்கள், எடுக்கும் சதையில் ஒரு பங்கை ஃபார்மலினில் (சதை கெடாமல் வைக்கும் திரவம்) போடாமல் தனியாகக் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஃபார்மலினில் போட்ட சதையில் கிருமி வளராது.